பெயர் போட்டவரே பொறுப்பு



நீரிழிவு, கொலஸ்திரோல், முழங்கால் வலி என்று எழுதுவதுதான் இந்தப் பக்கத்தின் வழமை. இம்முறை கைத்தொலைபேசியில் நாம் இறக்கி வைத்திருக்கும் செயலிகளைப் பற்றி எழுதுகிறேன். "டொக்டருக்கும் ஆப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் நிறைய உண்டு. இன்று என்னிடம் வரும் எம்மவரில் பலர் மருந்துப் பெட்டியைக் காட்டுவதற்கு முதல் கைத்தொலைபேசியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். சீனியின் அளவு, பிரஷர், நடந்த அடிகள், நித்திரை கொண்ட மணித்தியாலம், மாதவிடாய்த் திகதி, வயிற்றுப் பிள்ளைக்கு எத்தனையாவது கிழமை என்று எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அந்த எண்களை நம்பிச் சிலர் மருந்தைக் கூட்டுகிறார்கள். சிலர் நிற்பாட்டியே விடுகிறார்கள்.

ஒரு புதிய மருந்து வந்தால் வைத்தியர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்போம். இதற்குள் என்ன இருக்கிறது? பிழைத்தால் யார் பதில் சொல்வது? இதே இரண்டு கேள்விகளையும் செயலிகளிடமும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. என் கருத்து இதுதான்: ஒரு செயலியைத் தன் பெயரில் வெளியிடுபவர் அதற்குள் இருக்கும் அனைத்துக்கும் பொறுப்பாளி. தான் எழுதிய பகுதிக்கு மட்டுமல்ல, பிறரிடம் எடுத்து உள்ளே வைத்த பகுதிக்கும் அவரே பொறுப்பு.

ஒரு செயலிக்குள் எத்தனை பேரின் கைவேலை?

ஒரு செயலியை ஒரு நிறுவனம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தானே எழுதுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அப்படியல்ல. வரைபடம் காட்ட ஒரு பகுதி, விளம்பரம் போட ஒரு பகுதி, எத்தனை பேர் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று எண்ண ஒரு பகுதி என, பலவற்றை வெளியாரிடமிருந்து ஆயத்தமாக எடுத்துப் பொருத்துகிறார்கள். எஸ்.டி.கே. என்று மென்பொருள் எழுதுபவர்கள் சொல்வது இந்த ஆயத்தப் பகுதிகளைத்தான். இவற்றிற் பல இலவசம். பேஸ்புக், கூகிள் போன்ற பெரிய நிறுவனங்களே அவற்றைக் கொடுக்கின்றன. இலவசமாகக் கொடுப்பவர்களுக்கும் அதில் ஓர் ஆதாயம் இருக்கத்தானே வேண்டும்!

இங்கே பிரித்தானியாவில் 2005 பெப்ரவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சூடான் 1 என்ற தடைசெய்யப்பட்ட சாயம் கலந்த மிளகாய்த் தூள் ஒரு வூஸ்டர் சோசுக்குள் போனது. அந்தச் சோஸ் பல ஆயத்த உணவுகளுக்குள் போனது. கடைசியில் 400 க்கும் மேற்பட்ட உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அந்த உணவைச் செய்தவர்களில் எவரும் மிளகாய்த் தூளைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் "அது எங்கள் தூள் அல்ல, பொருள் கடையிலேயே இருக்கட்டும்" என்று சொல்ல எவருக்கும் உரிமை இருக்கவில்லை. செயலிகளும் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்றாகச் சமைக்கப்படுகின்றன. பொறுப்பு என்று வரும்போது மட்டும் பலர் வேறு கதை சொல்கிறார்கள்.

பிழையான கணக்கு

முதலில் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். செயலி சொல்லும் எண் சரியா?

2014 இலும் 2015 இலும் இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர் என்ற ஐபோன் செயலி மிக நன்றாக விற்பனையானது. கைப்பட்டி தேவையில்லை, கைத்தொலைபேசியை நெஞ்சில் வைத்து, விரலைக் கமராவின் மேல் வைத்தால் பிரஷர் தெரியும் என்றார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் அதைச் சோதித்து 2016 இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையில் பிரஷர் கூடியிருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு, கூடவில்லை என்று அந்தச் செயலி காட்டியிருந்தது. பாரிசவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வாசலில் நிற்பவரிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வதைவிட ஆபத்தான பொய் வேறில்லை. 2016 டிசெம்பரில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அதற்குள் செயலி பல்லாயிரம் பேருக்கு விற்கப்பட்டுவிட்டது.

இன்சுலின் போடுபவர்கள் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். எவ்வளவு இன்சுலின் போடுவது என்று கணக்கிட்டுத் தரும் 46 செயலிகளை ஆராய்ந்து 2015 இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 67 வீதமானவை பொருத்தமற்ற அளவைச் சொல்லக்கூடியவையாக இருந்தன. 46 இல் 42 செயலிகள், போடப்படும் எண் சரியா என்று பார்க்கவே இல்லை. 7 என்று அழுத்த வேண்டிய இடத்தில் 77 என்று அழுத்தினாலும் அப்படியே கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். இன்சுலின் கூடினால் சீனி இறங்கி மயக்கம் வரும், உயிரும் போகலாம். அவற்றிற் பாதிக்கும் மேற்பட்டவை "இது வைத்திய ஆலோசனை அல்ல" என்று ஒரு வரியை மட்டும் மறக்காமல் எழுதியிருந்தன. என்ன சூத்திரத்தைக் கொண்டு கணக்கிடுகிறோம் என்று சொன்னவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இது ஏதோ மலிவுச் செயலிகளின் பிரச்சினை என்று எண்ண வேண்டாம். இருதய நோய் வரும் வாய்ப்பைக் கணக்கிடும் கியூரிஸ்க் 2 என்ற சூத்திரத்தைக் குடும்ப வைத்தியர்கள் நாளாந்தம் பாவித்தோம். ஒரு நிறுவனத்தின் வைத்தியசாலை மென்பொருளுக்குள் அந்தச் சூத்திரம் பிழையாகப் பொருத்தப்பட்டிருந்தது 2016 இல் தெரியவந்தது. சிலருக்கு ஆபத்தைக் கூட்டியும் சிலருக்குக் குறைத்தும் அது காட்டியிருந்தது. சூத்திரத்தில் பிழையில்லை, அதை உள்ளே பொருத்திய விதத்தில்தான் பிழை. நல்ல பொருளை வாங்கினேன் என்பது மட்டும் போதாது. பொருத்திய பின் சோதித்தாயா என்பதே கேள்வி.

வீட்டுக்குள் இருக்கும் மூன்றாம் ஆள்

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பகுதி. செயலிக்குள் பொருத்தப்பட்ட வெளியாரின் துண்டு, நாம் சொல்வதையெல்லாம் தன் எசமானுக்கு அனுப்பக்கூடியது.

மருந்துகள் தொடர்பான 24 அன்ட்ரொயிட் செயலிகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையான பி.எம்.ஜே. இல் வெளியானது. அவற்றில் 19 செயலிகள் பாவனையாளரின் தகவலை வெளியே பகிர்ந்தன. பெற்றுக்கொண்ட நிறுவனங்கள் 55. என்ன மருந்து குடிக்கிறார் என்பதிலிருந்து ஒருவருக்கு என்ன வருத்தம் என்று ஊகிக்க வைத்தியப் படிப்பு வேண்டியதில்லை.

ஃபுளோ என்ற மாதவிடாய்ச் செயலியை 10 கோடிக்கும் மேற்பட்டோர் பாவித்திருக்கிறார்கள். தகவலை இரகசியமாக வைத்திருப்போம் என்று அது வாக்களித்தது. ஆனால் உள்ளே பொருத்தப்பட்ட பேஸ்புக், கூகிள் முதலியவற்றின் எஸ்.டி.கே. ஊடாக, ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறார் என்பதுபோன்ற விடயங்கள் வெளியே போயின என்று மத்திய வர்த்தக ஆணைக்குழு 2021 இல் குற்றஞ்சாட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே நிறுவனம் இணக்கத்துக்கு வந்தது. 2023 இல் பிரீமொம் என்ற கருத்தரிப்புச் செயலியும் இதேபோன்ற குற்றச்சாட்டில் மாட்டி 100,000 டொலர் அபராதம் கட்டச் சம்மதித்தது. அதன் தகவல்கள் சீனாவிலுள்ள இரண்டு நிறுவனங்கள்வரை போனதாக ஆணைக்குழு கூறியது. கணவனுக்குச் சொல்ல முதல், தாய்க்குச் சொல்ல முதல், முகம் தெரியாத விளம்பர நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி அது.

2020 இல் கொரோனாக் காலத்தில் தமிழ் வகுப்பு முதல் அந்தியேட்டி வரை நாம் சூம் மூலம் நடத்தினோம் அல்லவா? அந்த ஐபோன் செயலிக்குள் இருந்த பேஸ்புக்கின் துண்டு, பேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் தொலைபேசி விபரங்களையும் பேஸ்புக்குக்கு அனுப்பியது அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. செய்தி வந்து சில நாட்களில் சூம் அந்தத் துண்டை நீக்கியது. சில நாட்களில் நீக்கக்கூடிய ஒன்றை, செய்தி வரும்வரை ஏன் வைத்திருந்தார்கள்? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு விடை தெரியவில்லை. அதே ஆண்டு மே மாதத்தில் பேஸ்புக்கின் பக்கத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறால், அதே துண்டைப் பொருத்தியிருந்த ஸ்பொட்டிஃபை, ரிக்ரொக் உட்படப் பல ஐபோன் செயலிகள் திறந்தவுடனேயே மூடிக்கொண்டன. பாட்டுக் கேட்கும் செயலி நின்றால் பரவாயில்லை. இன்சுலின் கணக்குச் செயலி நின்றால்?

1937 சொல்லித் தந்த பாடம்

வைத்தியத் துறை இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துப் படித்தது. 1937 இல் அமெரிக்காவில் மசெங்கில் என்ற நிறுவனம் சல்பனிலமைட் என்ற மருந்தைப் பாணியாகச் செய்து விற்றது. மருந்தில் பிழையில்லை. அதைக் கரைக்கப் பாவித்த டையெதிலீன் கிளைகோல் என்ற திரவம் சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சு. எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. 100 க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுபிள்ளைகள். எங்கள் மீது பொறுப்பு எதுவுமில்லை என்ற தொனியில்தான் நிறுவனத்தின் உரிமையாளர் பேசினார். பாணியைத் தயாரித்த இரசாயனவியலாளரோ தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. மருந்தைச் சோதித்துவிட்டே விற்க வேண்டும் என்று அன்று சட்டம் இருக்கவில்லை. "எலிக்சிர்" என்று பெயரிட்டால் அதில் அற்ககோல் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் பிழை என்று சொல்லித்தான் அரசாங்கம் அதைப் பறிமுதல் செய்ய முடிந்தது. நஞ்சு கொடுத்ததற்கல்ல, பெயர் பிழைத்ததற்கு! அந்த வெட்கத்தில்தான் 1938 இல் புதிய சட்டம் வந்தது.

இன்று அமெரிக்காவில் செயலிகள் பற்றிய சட்டம் பெரும்பாலும் அந்த 1937 இல்தான் நிற்கிறது. ஃபுளோ மீதான குற்றச்சாட்டின் மையம், கொடுத்த வாக்கை மீறியது என்பதே. வாக்கே கொடுக்காமல், 40 பக்க நிபந்தனைகளின் ஒரு மூலையில் "மூன்றாந் தரப்பினருடன் பகிர்வோம்" என்று எழுதியிருந்தால் பிடிப்பது கடினமாகியிருக்கும். பிரித்தானியச் சட்டம் இதைவிட மேல். உடல்நலத் தகவலுக்கு இங்கே கூடுதல் பாதுகாப்பு உண்டு, தகவலைச் சேர்ப்பவரே பொறுப்பாளி. தகவல் ஆணையாளர் அலுவலகம் மாதவிடாய், கருத்தரிப்புச் செயலிகளை ஆராய்ந்து, பாரதூரமான மீறல் எதையும் காணவில்லை என்று 2024 இல் அறிவித்தது. அது ஆறுதல்தான். ஆனால் நாம் இறக்கும் செயலிகள் உலகெங்கும் இருந்து வருபவை.

சட்டம் இருந்தாலும் விழிப்பு வேண்டும் என்பதற்கு அதே நஞ்சே சாட்சி. 2022 இல் காம்பியாவில் 60 க்கும் மேற்பட்ட குழந்தைகளின் இறப்புடன் தொடர்புபட்ட இருமல் பாணிகளில் அது இருந்தது. 2025 இல் காஞ்சிபுரத்தில் தயாரான இருமல் பாணியைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20 க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதிலும் அதே நஞ்சு. கரைப்பானை யாரிடம் வாங்கினாலும் போத்தலில் பெயர் போட்டவரே முதலில் பதில் சொல்ல வேண்டும் என்பதில் அங்கே எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"சின்ன ஆட்கள் என்ன செய்வார்கள்?"

எம் பிள்ளைகள் பலர் இன்று மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் என்னிடம் சொல்வது இது: "அங்கிள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆப் செய்கிறோம். பேஸ்புக், கூகிள் தருவதற்குள் என்ன இருக்கிறதென்று நாங்கள் எப்படிப் பார்ப்பது?" நியாயமான கேள்வி. அவர்களிற் பெரும்பாலானோருக்குக் கெட்ட எண்ணம் எதுவுமில்லை என்பதும் உண்மை.

ஆனால் ஒவ்வொரு வரியையும் நீயே எழுது என்று எவரும் கேட்கவில்லை. பனடோல் எழுதிக் கொடுக்கும் நான் அதைத் தயாரிப்பதில்லை. ஆயினும் அதில் என்ன இருக்கிறது, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று அறியாமல் எழுதினால் என் அனுமதிப்பத்திரம் போய்விடும். உள்ளே வைப்பது என்னவென்று அறிந்து வை, தேவையில்லாததை வைக்காதே, பொருத்திய பின் எங்கே என்ன போகிறது என்று சோதித்துப் பார் என்பதே கோரிக்கை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாத துண்டாக இருந்தால், உடல்நலச் செயலிக்குள் அதற்கு இடமில்லை.

அப்பிள் நிறுவனத்தின் விதிகளே, விளம்பர வலையமைப்பு முதல் மூன்றாந் தரப்பு எஸ்.டி.கே. வரை செயலிக்குள் இருக்கும் அனைத்தும் விதிக்கு அமைய இருப்பது செயலியை வெளியிடுபவரின் பொறுப்பு என்று சொல்கின்றன. கூகிளும் 2022 முதல் எந்தத் தகவலை எடுக்கிறோம் என்ற அறிவிப்பைக் கேட்கிறது. ஆனால் அதை எழுதிக் கொடுப்பவர் செயலி செய்தவரேதான். பிள்ளை தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது போன்றது இது.

அப்படியானால் துண்டைக் கொடுத்த பெரிய நிறுவனம் தப்பிவிடுமா? தப்பக் கூடாது. ஃபுளோ விவகாரத்தில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, கலிபோர்னியாவின் அந்தரங்கச் சட்டத்தை மீறியது என்று 2025 ஓகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஜூரி சபை தீர்ப்பளித்தது. ஒருவர் குற்றவாளியானால் மற்றவர் விடுதலை என்றில்லை. கொடுத்தவருக்கும் பொறுப்புண்டு, வைத்தவருக்கும் பொறுப்புண்டு.

எமக்கு இது ஏன் கூடுதலாக உறைக்க வேண்டும்?

அகதியாக வந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. அந்தப் பட்டியல் எங்களைக் கொல்வதற்காக எழுதப்பட்டதல்ல, வாக்களிப்பதற்காக எழுதப்பட்டது. ஒரு நோக்கத்துக்காகச் சேர்த்த விபரம் வேறொருவர் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எமக்கு எவரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. விளம்பர நிறுவனமும் வன்முறைக் கும்பலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பட்டியலை எழுதுபவர் அது யார் யாருடைய கைகளுக்குப் போகும் என்று முதலிலேயே யோசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

எமது மூத்தவர்கள் பலருக்குச் செயலியை இறக்கிக் கொடுப்பது பேரப்பிள்ளைகள். "சம்மதம்" என்ற பொத்தானை அழுத்துவது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்தச் சம்மதத்துக்கு என்ன பெறுமதி? மனவழுத்தத்துக்கு வைத்தியரிடம் வர வெட்கப்பட்டு, இரகசியமாகச் செயலியைத் தேடுபவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். மனச்சோர்வுக்கும் புகைத்தலை நிறுத்துவதற்குமான 36 செயலிகளை ஆராய்ந்து 2019 இல் வெளியான இன்னொரு ஆய்வில், 29 செயலிகள் கூகிளுக்கோ பேஸ்புக்குக்கோ தகவல் அனுப்பியமை காணப்பட்டது. இரகசியம் தேடிப் போனவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பாருங்கள்.

நாம் என்ன செய்யலாம்?

செயலிகளைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனது நோயாளிகள் சிலருக்கு அவை பெரிய உதவி. சில வழிகளை மட்டும் கைக்கொள்ளுங்கள்.

1. மருந்தின் அளவையோ நோயையோ சொல்லும் செயலி பொதுவாக மருத்துவக் கருவி என்ற வகைக்குள் வரும். அதற்கு யூ.கே.சி.ஏ. அல்லது சி.ஈ. குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் சொற்படி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

2. பிரஷரைக் கைப்பட்டி உள்ள கருவியால் அளவுங்கள். விரலை வைத்தால் போதும் என்று எந்தச் செயலி சொன்னாலும், அந்த எண்ணை நம்பி மருந்தை நிற்பாட்டாதீர்கள்.

3. இறக்க முதல் கடைப் பக்கத்தில் உள்ள தகவல் பாதுகாப்புப் பகுதியைப் படியுங்கள். யார் செய்தது, முகவரி என்ன, முறையிட வழி உண்டா என்று பாருங்கள். பதில் சொல்ல ஆளில்லாத செயலிக்கு உங்கள் வருத்தத்தைச் சொல்ல வேண்டாம்.

4. செயலி பிழையான எண்ணைக் காட்டினால் மஞ்சள் அட்டைத் திட்டத்துக்கு அறிவியுங்கள். தலிடோமைட் அவலத்தின் பின் 1964 இல் மருந்துகளுக்காகத் தொடங்கிய இத்திட்டம் இன்று மருத்துவச் செயலிகள் பற்றிய முறைப்பாடுகளையும் ஏற்கிறது. வைத்தியர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நீங்களே எழுதலாம்.

5. சங்கங்கள், கோவில்கள், தமிழ்ப் பள்ளிகள் இன்று தமக்கென்று செயலி செய்விக்கின்றன. அப்போது அவையும் பெயர் போட்டவர்கள் ஆகின்றன. செய்து தருபவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும் வெளியாரின் பகுதிகள் எவை? ஒவ்வொன்றும் எதை எங்கே அனுப்புகிறது? பிழைத்தால் எத்தனை நாளில் திருத்துவீர்கள்? பதில் தராதவருக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

மென்பொருள் துறையில் இருக்கும் எம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓர் இலவசத் துண்டை உள்ளே பொருத்த முதல், அந்தச் செயலியை உங்கள் அம்மா பாவிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சீனி அளவும் மருந்துப் பட்டியலும் எங்கே போகின்றன என்று அவர் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அதை வெளியே விடாதீர்கள்.